ஸ்லைடு பேசுகிறதா, பிள்ளை பேசுகிறதா?



கொண்டாப்பூரிலும், அதை அடுத்த மாதாப்பூர், கச்சிபவுலி பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஞாயிறு இரவில் நடக்கும் காரியம் இது. "நாளைக்குப் புராஜெக்ட் கொடுக்க வேண்டும், பவர்பாயிண்டில் பத்து ஸ்லைடு" என்று பிள்ளை வந்து நிற்கிறான். அலுவலகத்தில் வாரமெல்லாம் ஸ்லைடு செய்து பழகிய தகப்பனார் மடிக்கணினியைத் திறக்கிறார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஆயத்தம். பிள்ளையோ அதற்குள் உறங்கிவிட்டான். மறுநாள் வகுப்பில் திரையைப் பார்த்து வரிக்கு வரி வாசிக்கிறான். ஆசிரியை ஒரு கேள்வி கேட்டவுடன் மௌனமாகிவிடுகிறான்.

புராஜெக்ட் முடிந்தது; மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் பிள்ளை கற்றுக்கொண்டது என்ன?

கருவி வந்த வழி

பவர்பாயிண்ட் பள்ளிக்கூடத்திற்காகச் செய்யப்பட்டதல்ல. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் என்பவர்கள் ஃபோர்தாட் என்ற சிறு அமெரிக்க நிறுவனத்தில் இதை உருவாக்கினார்கள். 1987-இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினிக்காக இது வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஃபோர்தாட்டை வாங்கியது. வியாபாரக் கூட்டங்களில் பேசுகிறவருக்குத் துணை செய்வதே இதன் நோக்கம்.

ஹைதராபாத்தின் வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. 1997-இல் பில் கேட்ஸ் டெல்லிக்கு வந்தபோது, அன்றைய ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அவரைச் சந்தித்து, மடிக்கணினியின் மூலம் தம் மாநிலத்தைப் பற்றி விளக்கிக் காட்டினார். 1998-இல் மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள் மையத்தை இந்நகரில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. நம்மில் அநேகரைச் சொந்த ஊரைவிட்டு இங்கே கொண்டுவந்த தொழில் அப்படித்தான் இங்கு வேரூன்றியது. ஆனால் அன்று திரையின் அருகே, தாம் கேட்பது இன்னதென்று அறிந்த ஒரு மனிதர் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கடைசி வரியில் நின்ற எச்சரிக்கை

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைப்பொருள் ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. அதனால் ஆபத்து உண்டா என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து, நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அவற்றில் ஒரு ஸ்லைடின் தலைப்பு நம்பிக்கையூட்டும் விதத்தில் இருந்தது. அதன் கீழே புள்ளிக்குள் புள்ளியாகப் பல வரிகள். கடைசி வரியிலோ மிக முக்கியமான செய்தி இருந்தது: முன்பு சோதிக்கப்பட்ட நுரைத்துண்டு 3 கன அங்குலம், இப்பொழுது மோதியதோ 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு!

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் உயிரிழந்தார்கள். விபத்துக்குக் காரணம் ஸ்லைடு அல்ல, நுரைப்பொருள்தான். ஆயினும் விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், விரிவான தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளையே சார்ந்திருந்த பழக்கத்தைக் கண்டித்தது.

2004-இல் அமேசான் நிறுவனத்தின் ஜெஃப் பெசோஸ் தம் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்திவிட்டு, முழு வாக்கியங்களில் எழுதிவரும்படி கட்டளையிட்டார். நம் பக்கத்திலுள்ள நானக்ராம்குடாவில் பெரிய வளாகம் வைத்திருக்கிறதே, அந்த நிறுவனம்தான்.

"அதனால்" என்ற சொல்

முழு வாக்கியத்தில் அப்படி என்ன இருக்கிறது? ஓர் உதாரணம் பாருங்கள். பிள்ளையின் புராஜெக்ட் மூசி ஆற்று வெள்ளத்தைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடில் மூன்று புள்ளிகள்: "1908 வெள்ளம்", "பெரும் சேதம்", "உஸ்மான் சாகர், 1920". மூன்றும் சரியே. ஆனால் ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு? "1908 செப்டம்பரில் மூசி பெருகி ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது, அதனால் இனி வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமென்று அணை கட்டினார்கள், அதுவே 1920-இல் முடிந்த உஸ்மான் சாகர்" என்று பிள்ளை சொல்லும்போதுதான் அவனுக்கு விளங்கியது என்று நாம் அறிகிறோம். புள்ளிகளில் முதலில் காணாமற்போவது "அதனால்" என்ற சொல்லே. அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளையே பாடத்தைக் கற்ற பிள்ளை.

வீட்டில் கடைப்பிடிக்க

1. முதலில் வாய், பிறகு தாள், கடைசியில் கணினி. ஊரிலுள்ள பாட்டிக்குத் தொலைபேசியில் தமிழிலேயே விஷயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டிக்குப் புரிந்தால் பிள்ளைக்கும் புரிந்திருக்கிறது. கணினி அறியாத தாய்மாரும் இதில் நல்ல ஆசிரியர்களே.

2. ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து. தலைப்பை ஒற்றைச் சொல்லாக வைக்காமல் முழு வாக்கியமாக எழுதட்டும். முக்கியமானது மேலே வரட்டும்.

3. இயன்றால் படம் பிள்ளை எடுத்ததாக இருக்கட்டும். உஸ்மான் சாகரைக் காண ஒரு சனிக்கிழமை போதும். பிறர் எடுத்த படமானால் எங்கிருந்து எடுத்தது என்று கீழே குறிக்கப் பழக்குங்கள்.

4. பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கூகுள் ஸ்லைட்ஸும் லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸும் இலவசமே. தமிழ் எழுத்துகளை யூனிகோடில் அடியுங்கள். பள்ளிக் கணினியில் எழுத்து உருமாறாதிருக்க ஒரு பிடிஎஃப் பிரதியும் கொண்டுபோகட்டும்.

5. வீட்டில் ஒருமுறை நின்று பேசிக் காட்டட்டும். நடுவில் விசைப்பலகையில் "பி" என்ற எழுத்தை அழுத்துங்கள், திரை கறுத்துவிடும். அப்பொழுதும் பிள்ளையால் தொடர்ந்து பேச முடிகிறதா?

இன்று தலைப்பை மட்டும் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே பத்து ஸ்லைடையும் எழுதித் தந்துவிடுகிறது. தகப்பனாரின் உதவிகூடத் தேவையில்லை. ஆகவே கறுத்த திரையின் முன் நின்று பேசும் பயிற்சி முன்னிலும் அவசியமாகிவிட்டது.

நம் சபைகளிலும் பாடல் வரிகளைத் திரையில் காட்டுகிறோம். திரை பாடுவதில்லை, சபைதான் பாடுகிறது. நம் பிள்ளைகளின் வகுப்பறையிலும் அப்படியே இருக்கட்டும். அடுத்த புராஜெக்ட் வரும்போது மடிக்கணினியைத் திறக்குமுன், "எனக்குச் சொல்லு, கேட்கிறேன்" என்று பிள்ளையின் அருகில் பத்து நிமிடம் உட்காருங்கள்.