ரூ.1,000-க்கு 'ரூம் அப்கிரேடு'... பில்லில் ரூ.2,090 ஏறுவது ஏன்?

"ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுத்தா சூட் ரூம்" என்று ஹோட்டல் ரிசப்ஷனில் சொன்னால், உடனே தலையாட்டிடாதீங்க.

ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினால் 18%. 2025 செப்டம்பர் 22 முதல் இதுதான் நடைமுறை. ரூ.7,000 அறைக்கு வரியோடு ரூ.7,350. அதுவே ரூ.8,000 ஆனால் ரூ.9,440! இலவச அப்கிரேடுன்னா கவலையில்லை. வசூலிக்கும் வாடகைக்குத்தான் வரி.

சரி, காசு வாங்கிட்டு சொன்ன அறையைத் தரலைன்னா? பில், புக்கிங் ஸ்கிரீன்ஷாட், அறையின் போட்டோ மூன்றையும் பத்திரப்படுத்தி, 1915-க்கு போன் போடுங்க. அதிலும் தீரலைன்னா நுகர்வோர் ஆணையம் இருக்கு. ஹோட்டல் ஊட்டியில் இருந்தாலும், கணியம்பாடியில் வசிப்பவர் வேலூரிலேயே வழக்கு போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை இது. செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. ஆனா 2 ஆண்டுகளுக்குள் போட்டாகணும்.