எல்லாம் மேலிடத்து முடிவு

நாங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிய வருஷம், வீட்டுமனை கேட்டு அப்பா ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் அங்கே இருந்தவர் சொன்னது இவ்வளவுதான்: “கொடுப்பதும் கொடுக்காததும் எங்கள் விருப்பம். எல்லாம் மேலிடத்து முடிவு.” அப்பா பதில் பேசவில்லை. விண்ணப்பத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அந்தப் பதில் சட்டத்தின் முன் நிற்காது என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்திலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் பேராக்கிலுள்ள எங்கள் பத்து காஜாவில் பிறந்தவர். இது எனக்குத் தெரியவந்தபோது அப்பா இல்லை.

ராஜா அஸ்லான் ஷா 1928 ஏப்ரல் 19 அன்று இந்த ஊரில் பிறந்தார். இங்குள்ள அரசாங்க ஆங்கிலப் பள்ளியில் படித்தார். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, 1954-இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் வழக்கறிஞரானார். பிற்காலத்தில் பேராக் சுல்தான், 1989 முதல் 1994 வரை மாமன்னர். அவர் பெயரிலுள்ள ஹாக்கிக் கோப்பை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கெல்லாம் முந்திய வருஷங்களைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கோலாலம்பூரில் மாஜிஸ்திரேட், சிரம்பானிலும் தைப்பிங்கிலும் செஷன்ஸ் நீதிமன்றத் தலைவர், பிறகு துணை அரசாங்க வழக்கறிஞர். அரச குடும்பத்துப் பிள்ளை, சில்லறைத் திருட்டும் அடிதடியும் வரும் கீழ்க்கோர்ட்டில் தொழில் பழகியிருக்கிறார். அரசாங்கத்தின் சார்பில் நின்று தண்டனை கேட்பது துணை அரசாங்க வழக்கறிஞரின் வேலை. அரசாங்கத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை அதன் பக்கத்திலேயே நின்று பார்த்தவர் அவர். பிறகு தந்த தீர்ப்புகளில் அந்தப் பழக்கம் தெரிகிறது என்பது என் எண்ணம்.

1965-இல், 37 வயதில், உயர்நீதிமன்ற நீதிபதி. 1976-இல் சிலாங்கூர் முன்னாள் மந்திரி பெசார் ஹருண் இட்ரிஸ் ஊழல் வழக்கில் அவர் முன் நின்றார். நீதிபதிக்கு அறிமுகமானவர்தான். தெரிந்த மனிதருக்குத் தண்டனை விதிப்பது தமக்கு வேதனை தருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே சிறைத்தண்டனை விதித்தார்.

ஆனாலும் என் மனத்தில் பெரியது, 1979-இல் சட்ட ஏட்டில் வெளியான ஸ்ரீ லெம்பா வழக்கு. கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்துக்கு நிரந்தர உரிமையுள்ள நிலம் இருந்தது. அதைப் பிரித்துப் பயன்பாட்டை மாற்ற அனுமதி கேட்டார்கள். நிரந்தர உரிமைப் பத்திரத்தை ஒப்படைத்துவிட்டு 99 ஆண்டு குத்தகையாக வாங்கிக்கொண்டால்தான் அனுமதி என்றது நில நிர்வாகம். தங்கள் விருப்பப்படி நிபந்தனை போடலாம் என்பது அதன் வாதம். கூட்டரசு நீதிமன்றத்தில் ராஜா அஸ்லான் ஷா அதை ஏற்கவில்லை. சட்டம் தந்த எந்த அதிகாரத்துக்கும் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது, வரம்பில்லாவிட்டால் அது சர்வாதிகாரம் என்றார். கட்டுப்பாடே இல்லாத விருப்புரிமை என்ற சொல்லே தன்னைத்தானே மறுக்கிறது என்றும் எழுதினார். வழக்குப் போட்டது வசதியுள்ள நிறுவனம், உண்மைதான். தீர்ப்பு அந்த நிறுவனத்தோடு நிற்கவில்லை. லைசென்ஸ், மனை, பெர்மிட் என்று அலுவலகம் ஏறி இறங்கும் எல்லாருக்கும் இன்றுவரை அது துணை நிற்கிறது.

1982-இல் நாட்டின் தலைமை நீதிபதியானார். 1984 பிப்ரவரியில் அரியணை ஏறினார்.

2009-ஐச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பேராக் ஆட்சிச் சிக்கலில், சட்டமன்றத்தைக் கலைக்கும் கோரிக்கையை சுல்தான் ஏற்கவில்லை. மே மாதத்தில் சபாநாயகர் வ. சிவகுமார் நாற்காலியிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டதைப் பார்த்து இந்த வட்டாரமே கொதித்தது. பின்னர் அவரே பத்து காஜாவின் நாடாளுமன்ற உறுப்பினரானார். சுல்தானின் முடிவில் எனக்கு வருத்தம் உண்டு. அதை எதிர்த்து வாதாடியவர்கள் அவருடைய எழுத்துகளையே எடுத்துக் காட்டினார்கள். எழுதியவர் பக்கம் சாயாமல் நின்றது அந்த எழுத்து.

2014 மே 28 அன்று அவர் மறைந்தார்.

உங்கள் கைக்கும் ஒருநாள் “விருப்பம், மேலிடத்து முடிவு” என்ற பதில் வரலாம். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று எழுதிக் கேளுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.