கொடியை இறக்குவது யார்?

சேர்வராயன் மலையில் ஆகஸ்டு மாதம் மழையும் மூடுபனியுமாக இருக்கும். ஏற்காட்டுக்கு வளைவு வளைவாக ஏறும் பஸ் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு போவதுண்டு. அந்த மாதத்தில்தான் சுதந்திர தினம் வருகிறது. பள்ளிக்கூடங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் கொடி ஏறுகிறது. பிள்ளைகள் வரிசையாக நின்று வணக்கம் செலுத்துகிறார்கள். மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறார்கள். எல்லாம் சரி. அந்தக் கொடியை இறக்குவது யார்?

இந்தக் கேள்வி எல்லா ஊர்களுக்கும் உரியதுதான். ஆனால் மலையில் அது அவசரமான கேள்வி. சமவெளியில் மறந்துபோன கொடி வெயிலில் மெல்ல மெல்ல வெளுக்கும். மலையிலோ ஒரே இரவில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். காற்று அடித்தால் ஓரம் கிழியும். கிழிந்த கொடியும் கசங்கிய கொடியும் பறக்கக்கூடாது என்பது விதி.

2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதிகளில் ஓர் அழகான வாசகம் உண்டு. கொடியை விறுவிறுப்பாக ஏற்ற வேண்டும். இறக்கும்போது மெதுவாக, மரியாதையோடு இறக்க வேண்டும். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டில்லியில் குடியரசு தின விழா முடிவு பெறுவது ஜனவரி 26-ல் அல்ல. 29-ந் தேதி மாலை, பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், வாத்தியங்கள் முழங்கக் கொடி இறங்கும்போதுதான் முடிகிறது. அங்கே இறக்குவதே ஒரு விழா!

நம் ஊர்களில் ஏற்றுவதற்குத்தான் போட்டி. 2020-ல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், ஊராட்சித் தலைவியான தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணியைக் கொடியேற்ற விடாமல் தடுத்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு கலெக்டர் முன்னிலையில் அவரே கொடியேற்றினார். காலையில் கயிற்றைப் பிடிக்க இத்தனை சண்டை. மாலையில் அதே கயிற்றைத் தொட ஆள் இல்லை.

2021 டிசம்பரில் விதி திருத்தப்பட்டு, மெஷினில் செய்த கொடியும் பாலியெஸ்டர் கொடியும் அனுமதிக்கப்பட்டன. 2022 ஜூலையில், கொடி இரவிலும் பறக்கலாம் என்று ஆயிற்று. வீடுதோறும் கொடி வந்தது நல்ல காரியமே. ஆனால் இரவிலும் பறக்கலாம் என்றால், வாரக்கணக்கில் மறந்துவிடலாம் என்று அர்த்தமா?

குறை யாருடைய மனத்திலும் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. அன்று விடுமுறை. விழா முடிந்ததும் ஆசிரியர்கள் பள்ளியைப் பூட்டிவிட்டுக் கீழே போகும் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். மாலை வரை ஆள் இல்லையென்றால், பூட்டுவதற்கு முன்பே இறக்கிவிடுவது மேல். ஆள் இருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். அழைப்பிதழில் ஏற்றுபவர் பெயரோடு இறக்குபவர் பெயரையும் அச்சடித்தால், அது ஒரு கௌரவமாகவே ஆகிவிடும். ஊராட்சித் தலைவர்கள் இதை இந்த ஆண்டே செய்யலாம். அரசாங்க உத்தரவு தேவையில்லை.

மடிப்பதும் சுலபம். காவி, பச்சைப் பட்டைகளை வெள்ளைக்கு அடியில் மடிக்க வேண்டும். பிறகு சக்கரம் மேலே தெரியும்படி இரு பக்கமும் மடித்து, உள்ளங்கைகளில் ஏந்திக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நனைந்திருந்தால் முதலில் நிழலில் உலர்த்துங்கள். கதர்த் துணி ஈரத்தோடு பெட்டிக்குள் போனால், ஜனவரியில் எடுக்கும்போது பூஞ்சைக் காளான் பிடித்திருக்கும்.