படகில் ஏறுமுன் கேளுங்கள்!

ஓண விடுமுறை வந்துவிட்டால், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் தோழர்களும் கட்டட வேலைக்குப் போகும் தாய்மார்களும் பிள்ளைகுட்டிகளோடு வேளிக்கும் ஆக்குளத்துக்கும் பூவாறுக்கும் கிளம்புகிறார்கள். ஆண்டெல்லாம் உழைத்தவர்கள் ஒரு நாள் காயல் காற்று வாங்குவதை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் போன குடும்பம் முழுதாக வீடு திரும்ப வேண்டும் அல்லவா?

கேரளத்து நீர்நிலைகளின் கதை நமக்குத் தெரியாததல்ல. 1924 ஜனவரியில் பல்லனை ஆற்றில் ‘ரிடீமர்’ படகு கவிழ்ந்து மகாகவி குமாரன் ஆசான் மாண்டார். படகில் அளவுக்கு மீறிய கூட்டம். 2002 ஜூலையில் குமரகத்தில் 29 பேர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர். மாண்டவர்களில் தமிழ்நாட்டுப் பயணிகளும் உண்டு. மதுரைக்கும் தேனிக்கும் தண்ணீர் தரும் அதே பெரியாறு ஏரி! 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர், குழந்தைகள் பலர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, பொழுது சாய்ந்த பிறகும் கூட்டத்தை ஏற்றிப் போனார்கள்.

ஒவ்வொரு முறையும் ‘விதி’ என்றார்கள். விதியா இது? தேக்கடியிலும் தானூரிலும் கவிழ்ந்தவை மாடிப் படகுகள். மேல்தட்டில் ஆள் கூடினால் படகு தலைகனத்துப் போகும். யானையைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தால் சாயும். சாய்ந்தால் கீழ்த்தட்டில் இருப்பவர் வெளியே வர வழியில்லை. இது விதியல்ல, கணக்கு. அந்தக் கணக்கை மீறவைப்பது லாப வேட்கை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய உள்நாட்டுக் கலச் சட்டம் வந்துவிட்டது. படகுக்குப் பதிவும் தகுதிச் சான்றிதழும் வேண்டும் என்கிறது. ஆனால் ஏட்டுச் சட்டம் நீந்தி வந்து நம் பிள்ளையைத் தூக்காது.

கூலியில் பத்து ரூபாய் குறைந்தால் மேஸ்திரியிடம் கேட்கிறோம். படகுக்காரரிடம் “எத்தனை பேர் ஏற்றலாம்? லைஃப் ஜாக்கெட் எங்கே?” என்று கேட்க மட்டும் நமக்கு ஏன் கூச்சம்? ‘அந்நிய ஊர், நமக்கேன் வம்பு’ என்ற அச்சமே படகைக் கவிழ்க்கும் முதல் பாரம்!

ஆகவே தோழர்களே, லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறாதீர்கள். கையில் வைத்திருந்தால் போதாது. வார்ப்பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், பிள்ளைக்குப் பிள்ளை அளவில் கேளுங்கள். ஓடும் படகில் எழுந்து நிற்காதீர்கள். கூட்டம் மிகுந்தால், இருட்டிவிட்டால் இறங்கிவிடுங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

அரசுக்கு நம் கோரிக்கை இரண்டு. ஒவ்வொரு படகுத்துறையிலும் ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கையைத் தமிழிலும் எழுதி வையுங்கள். சோதனையைச் சாவுக்குப் பிறகு அல்ல, சாவுக்கு முன் நடத்துங்கள்.

உழைப்பவன் உயிர் மலிவல்ல. அதை முதலில் நாம் நம்புவோம்!