ஃபோமட் அடிக்க முதல் ஒரு நிமிசம்



போன தவணை எங்கள் கணினிக் கூடத்தில் ஒரு ஃபோல்டர் அழிய மறுத்தது. யாரோ ஒரு பிள்ளை வீடியோக்கள் கொண்டு வந்து போட்ட ஃபோல்டர். டிலீட் கொடுத்தால் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும், ஓகே கொடுத்து மூடுவோம், திரும்ப டிலீட் கொடுப்போம். ஆசிரியர்கள் மூன்று பேர் மாறி மாறி இதைச் செய்தோம். கடைசியில் வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டோம். "வைரஸ் சேர், ஃபோமட் அடிச்சாத்தான் சரிவரும்" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

ஃபோல்டர் போய்விட்டது. அதோடு மூன்று வருடத் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள், விளையாட்டுப் போட்டிப் படங்கள் எல்லாமே போய்விட்டன. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. புள்ளிகளைத் திரும்பப் பதிய, பிள்ளைகளின் பழைய விடைத்தாள்களைத் தேடி வீடு வீடாகக் கேட்டோம்.

அந்த மனிதரில் மட்டும் பிழை சொல்ல மாட்டோம். பெட்டியில் எழுதியிருந்ததை நாங்கள் வாசிக்கவே இல்லை. "இந்த ஃபைல் இன்னொரு புரோகிராமில் திறந்திருக்கிறது" என்று அது சொன்னது, எந்தப் புரோகிராம் என்ற பெயரோடு. வீடியோ பிளேயர் ஒன்று கீழே ஒதுங்கி, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடியிருந்தால் விசயம் முடிந்திருக்கும்.

ஆள் இருக்கும் வீட்டை யாரும் இடிப்பதில்லை. விண்டோஸும் அப்படித்தான், ஒரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கும் ஃபைலை அழிக்க விடாது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். ஓடுகின்ற புரோகிராம்கள் அதில் தெரியும், அந்த ஃபைலைத் திறந்து வைத்திருப்பதை மூடலாம். அதற்கும் பொறுமையில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்து, வேறெதையும் திறக்காமல் அழித்துப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

சிலதுக்குக் காரணம் வேறு. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீள நீளமாகப் பெயர் போடுவது எங்கள் ஆசிரியர்களின் பழக்கம். முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் தடுமாறும். வெளி ஃபோல்டர்களின் பெயரை ஓரெழுத்தாக மாற்றினால் அழியும்.

பென்டிரைவில் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறி, அழிக்க அழிக்கத் திரும்ப வருகிறதா? அதுதான் உண்மையான வைரஸ். அது கொம்பியூட்டருக்குள் ஓடிக்கொண்டே பென்டிரைவில் திரும்பத் திரும்ப எழுதுகிறது. ஆகவே முதலில் கொம்பியூட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அதே பென்டிரைவில் மறைந்துதான் இருக்கும். மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால் வெளியே வரும். இது தெரியாமல் எத்தனை பேர் கல்யாணப் படங்களை ஃபோமட்டில் தொலைத்தார்களோ!

பென்டிரைவில் ஒன்றுமே அழியவில்லை, புதிதாகவும் எழுத முடியவில்லை என்றால் அது ஆயுள் முடிகிற அறிகுறியாக இருக்கலாம். உடனே உள்ளே இருப்பதை வேறிடத்துக்குக் கொப்பி பண்ணுங்கள்.

அழியாத ஃபைலை அழிக்கிறோம் என்று கண்ட கண்ட தளங்களிலிருந்து சொஃப்ட்வெயார் இறக்குவதை தயவுசெய்து விடுங்கள். இல்லாத வைரஸ் அப்படித்தான் வருகிறது.

இன்னொன்று, ஆசிரியர்களுக்கு மட்டும். வினாத்தாளை வட்ஸ்அப்பில் அனுப்பி, கொமியூனிகேசன் கடையில் பிரின்ட் எடுக்கிறோம். அழிக்கச் சொன்னால் அழியாது, வேர்ட் திறந்திருக்கும். "நீங்க போங்க டீச்சர், நான் பிறகு அழிக்கிறன்" என்பார் கடைத் தம்பி. அவர் நல்லவர்தான், ஆனால் அடுத்ததாக அந்தக் கதிரையில் வந்து உட்காருவது எங்கள் தரம் 11 பிள்ளை. வேர்டை மூடி, அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, வட்ஸ்அப் வெப்பில் இருந்து வெளியேறிய பிறகே கடையை விட்டு இறங்குங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கணினிக் கூடம் திறந்திருக்கும். அழியாத பென்டிரைவ், ஷோர்ட்கட் பிடித்த பென்டிரைவ் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஃபோமட் மட்டும் அடித்துவிட்டு வராதீர்கள்.