விளையாட்டுத் துப்பாக்கிதானே என்று விட்டுவிடலாமா?



நம் சமுதாயத்தைக் கெடுக்கும் சொற்களைப் பட்டியலிடச் சொன்னால் நான் முதலில் எழுதுவது 'தானே' என்னும் சொல்லைத்தான். "சின்னப் பிள்ளைதானே", "ஒரு நாள்தானே", "விளையாட்டுத் துப்பாக்கிதானே". இந்தத் 'தானே'க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாம் எத்தனையோ பொறுப்புகளைத் தட்டிக் கழித்திருக்கிறோம். இன்று துப்பாக்கியைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது.

தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் கடைகள் நிறைந்து வழிகின்றன. சேலை வாங்குகிறோம், முறுக்கு வாங்குகிறோம். பையன் அடம்பிடித்தால் அசல் போலவே இருக்கும் ஒரு கைத்துப்பாக்கியையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அது அன்றோடு முடிந்துவிடுகிறது என்று நாம் நினைக்கிறோம். பையனுக்கோ அங்கேதான் தொடங்குகிறது.

பங்சார் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நான் அண்மைக் காலமாகக் காண்பது இதுதான். ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலர் கைப்பேசியில் விரும்பிப் பார்க்கும் காணொளிகளில், வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் தம் வீட்டுப் பட்டறையில் அமர்ந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் பழங்காலக் கைத்துப்பாக்கி ஒன்றின் நகலைச் செய்கிறார். மரப்பிடியை இழைக்கிறார், பித்தளையைத் தேய்த்து மினுக்குகிறார், பிறகு வெடிமருந்து இட்டுச் சுடுகிறார். வெண்புகை எழுகிறது, பையன்களின் கண்கள் விரிகின்றன. "சார், இதை நாமும் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்? ஆசிரியர் அறையில் நான் கேட்ட விடைகள் இரண்டே. "அந்தப் பேச்சே எடுக்காதே என்று அதட்டிவிடுங்கள்" என்பது ஒன்று. "நகல்தானே, பழைய காலத்துச் சாமான்தானே" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். நகல் என்றால் சுடாது என்று பொருளா? பழைய வெடிமருந்து என்பது கரி, கந்தகம், வெடியுப்பு ஆகிய மூன்றின் கலவை. குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டுச் சுடும் சிறு துப்பாக்கிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெருகின. பிலடெல்பியா நகரத்து ஹென்றி டெரிஞ்சர் செய்தவை அவற்றுள் புகழ்பெற்றவை. அத்தகைய ஒன்று ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமே இருக்கும், ஒரே ஒரு முறைதான் சுடும். 1865 ஏப்ரல் 14ஆம் நாள், வாஷிங்டன் போர்டு நாடக அரங்கில் அதிபர் ஆபிரகாம் லிங்கனின் உயிரைப் பறித்த குண்டைச் சுட்டது அப்படிப்பட்ட ஒரு டெரிஞ்சர்தான். சிறியது என்பதால் தீங்கற்றது என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்?

நகல்களுக்கும் அதே வேதியியல், அதே இயற்பியல்தான். இத்தாலியின் கார்தோனே வால் துரோம்பியா பகுதியில் இத்தகைய நகல்களைச் செய்யும் நிறுவனங்கள் பல உண்டு. தலைமுறை தலைமுறையாக இத்தொழில் செய்பவர்கள் நிறைந்த ஊர் அது. அங்கேயும் ஒவ்வொரு குழலும் சட்டப்படி அமைந்த சோதனைச் சாலையில், வழக்கத்தை மிஞ்சிய அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கப்பட்டு, முத்திரை பெற்ற பிறகே விற்பனைக்கு வருகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இதற்கென்றே ஒரு சோதனை மனை 1813இல் நிறுவப்பட்டது. ஏன்? குழல் வெடித்தால் முதலில் போவது சுடுபவனின் விரல்களும் கண்களும் என்பதை அவர்கள் பட்டு அறிந்தவர்கள். பத்து நிமிடக் காணொளி இந்தச் சோதனையைக் காட்டுவதில்லை, முத்திரையைக் காட்டுவதில்லை. மினுக்கிய பித்தளையையும் வெண்புகையையும் மட்டுமே காட்டுகிறது.

அடுத்தது சட்டம். காணொளியில் வரும் அமெரிக்கப் பெரியவர் தம் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டே அதைச் செய்கிறார். அங்கே 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாய்வழி மருந்து இடும் பழங்காலத் துப்பாக்கிகளையும் அவற்றின் நகல்களையும் பெரும்பாலும் 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. நம் நாடு அமெரிக்கா அன்று. இங்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்வதற்கும் வைத்திருப்பதற்கும் உரிமம் வேண்டும். சுடவே சுடாத போலித் துப்பாக்கிக்கும் அதே சட்டத்தின் 36ஆம் பிரிவு இருக்கிறது: ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். போலியை நீட்டி ஒரு குற்றம் செய்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீண்ட சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன. வெடிமருந்துக்குத் தனியே 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் உண்டு. 2023இல் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை நீக்கியது உண்மைதான். ஆனால் சிறையும் பிரம்பும் நீங்கிவிடவில்லை.

இதை அறியாமல் ஒரு பதினைந்து வயதுப் பையன் தன் வீட்டுப் பின்கட்டில் குழாயை அறுக்கத் தொடங்கினால், காவல்துறை அவனைப் பழங்கலை ஆர்வலன் என்றா பார்க்கும்? 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினர்களில் இந்தியர்கள் எத்தனை பேர் என்ற பேச்சில் நாம் தலைகுனிந்து நின்றதை மறந்துவிட்டோமா? நம் பையனின் கையில் இருப்பது நகல் என்று விளக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்காமலே போகலாம்.

நம் சமுதாய வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மலாயா கணபதியை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? தஞ்சை மண்ணில் பிறந்து இங்கு வளர்ந்தவர், அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக விளங்கியவர். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1949 மார்ச் மாதத்தில் அவர் ஒரு கைத்துப்பாக்கியோடும் சில தோட்டாக்களோடும் பிடிபட்டார். அவர் அதைக் கொண்டு யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. வைத்திருந்தார் என்பதே குற்றம். இந்தியாவிலிருந்து வந்த வேண்டுகோளும் எடுபடவில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தச் சிறை இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. நம் பிள்ளைகள் அங்கே பனிக்கூழ் தின்றபடி நடக்கிறார்கள், எந்த மண்ணில் நடக்கிறோம் என்று அறியாமலே!

கணபதியின் அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் கையளவுத் துப்பாக்கி ஒன்று ஒரு தமிழனின் உயிரை எப்படி விலையாகக் கேட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். துப்பாக்கி என்றால் திரைப்படக் கதாநாயகன் இடுப்பில் செருகும் அணிகலன் என்று அவர்கள் நினைப்பதற்குக் காரணம், நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதுதான்.

திரைப்படத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் நான் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடி அணிந்து, போலித் துப்பாக்கியைச் சுழற்றியபடி குண்டர் தலைவனின் பாட்டுக்கு ஆடினார்கள். பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பயிற்சி கொடுத்தவர் ஓர் ஆசிரியர்! மேடையில் கைதட்டிவிட்டு வகுப்பறையில் ஒழுக்கம் போதிப்பது எந்த ஊர் நியாயம்?

இனி முதல் விடைக்கு வருகிறேன். "அந்தப் பேச்சே எடுக்காதே." இது கோழைத்தனம் என்பேன். கேள்வி கேட்கும் பையனின் ஆர்வத்தில் குற்றமில்லை. ஒரு பொருள் எப்படி இயங்குகிறது, எப்படிச் செய்யப்படுகிறது என்று கேட்பவன்தான் நாளைய பொறியாளன். அவனை அதட்டி அனுப்பினால் அவன் கேட்பதை நிறுத்தமாட்டான்; நம்மிடம் கேட்பதை மட்டும் நிறுத்துவான். பிறகு அவனுக்கு விடை சொல்லப் போகிறவர் யார்? பெயர் தெரியாத காணொளிக்காரர். அல்லது சந்து முனையில் காத்திருக்கும் 'அண்ணன்'.

ஆகவே பேச வேண்டும், முழுமையாகப் பேச வேண்டும். மலாய் மொழியில் துப்பாக்கியையும் பீரங்கியையும் குறிக்கும் 'பெடில்' என்னும் பழஞ்சொல், நம் 'வெடில்' என்னும் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்லாய்வாளர் கூறுகின்றனர். 'வெடியுப்பு' என்னும் நம் சொல்லையும் அதனோடு இணைத்துக் காட்டுகின்றனர். கடல் கடந்து வணிகம் செய்த தமிழரின் சுவடு ஒரு வெடிச்சொல்லில் கிடக்கிறது! 1511இல் மலாக்கா வீழ்ந்த வரலாற்றைப் படிக்கும் வகுப்பில் இதைச் சொன்னால் எந்தப் பையன் தூங்குவான்? வெடிமருந்து அரசுகளை எப்படிக் கவிழ்த்தது, தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் துப்பாக்கி எந்தப் பக்கத்திலிருந்து நீண்டது என்றும் சொல்லுங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்த தமிழர்மீது படையினர் சுட்டதையும் சொல்லுங்கள். துப்பாக்கியின் பின்னால் நிற்பதாகக் கற்பனை செய்யும் பிள்ளைக்கு, அதன் முன்னால் நின்ற தன் பாட்டனைக் காட்டுங்கள்.

கைவினை ஆர்வத்துக்கும் வழி திறக்க வேண்டும். வெறும் தடை கல்வியாகாது. பின்வருவனவற்றை என் வேண்டுகோளாக வைக்கிறேன்.

ஒன்று: வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தைத் தாளில் முடித்துவிடாதீர்கள். பிள்ளைகள் கையில் அரத்தையும் மரத்தையும் அளவுகோலையும் கொடுங்கள். இழைக்கவும் பொருத்தவும் தெரிந்த கைக்குத் துப்பாக்கிதான் வேண்டும் என்பதில்லை.

இரண்டு: அழுத்தமும் உந்துதலும் கற்க வெடிமருந்து தேவையில்லை. நெகிழிப் புட்டியும் நீரும் காற்றடிக்கும் பம்பும் போதும். நீர் உந்துகணைப் போட்டிகள் நம் நாட்டில் தேசிய அளவில் நடந்து வருகின்றன. நம் பள்ளிகள் அதிகமாகக் கலந்துகொள்ளட்டும்.

மூன்று: குறிபார்த்துச் சுடுவதில் உண்மையான நாட்டம் உள்ள பிள்ளைக்கு அதை முறையான விளையாட்டாகக் காட்டுங்கள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கருவைச் சுமந்தபடி காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நின்ற நம் நாட்டு நூர் சூர்யானியின் கதையைச் சொல்லுங்கள். உரிமம், பயிற்சியாளர், சுடுதளம், கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்ததே அந்த விளையாட்டு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான்கு: பங்சாரிலிருந்து சிறிது தூரத்தில் ஏரிப்பூங்காவை ஒட்டி அரச மலேசியக் காவல்துறை அரும்பொருளகம் இருக்கிறது. பேரங்காடிச் சுற்றுலாவை ஒருமுறை விட்டுவிட்டு அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஆயுதங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும்.

ஐந்து: பெற்றோர்களே, இது உங்களுக்கு. அசல் போலத் தோன்றும் துப்பாக்கியை இந்தத் தீபாவளிக்கு வாங்காதீர்கள். ஜெல் குண்டு தெறிக்கும் துப்பாக்கியையும் இணையத்தில் தருவிக்காதீர்கள். பிள்ளை அழுதால் அழட்டும். ஒரு மாலை அழுகை, நீங்கள் ஆயுள் முழுதும் அழுவதைவிட மேலானது.

"எங்கள் காலத்தில் பொட்டு வெடித் துப்பாக்கியோடு விளையாடினோமே, நாங்கள் கெட்டா போனோம்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் காலத்துத் தகரத் துப்பாக்கியைக் கண்டு யாரும் அசல் என்று மயங்கவில்லை. அதைச் சுடும் ஆயுதமாக மாற்றுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க உங்கள் சட்டைப்பையில் ஒரு கைப்பேசி இல்லை. காலம் மாறிவிட்டது. நம் காவலும் மாற வேண்டாமா?

'தானே' என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை இன்றோடு நிறுத்துவோம். பிள்ளையின் கேள்விக்கு முகம் கொடுத்து விடை சொல்வோம். அது நம் கடமைதானே?