சாக்கில் கட்டி விட்டால் தீர்ந்ததா?



"தெருப் பூனைகளைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டாச்சு. இனி நிம்மதி" என்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி. அதன் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். எனக்குக் கை தட்ட வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தெருவில் எலியும் மூடாத குப்பைத்தொட்டியும் இருக்கும்வரை, காலியான இடத்துக்கு வேறு பூனை வரத்தான் செய்யும். கொண்டுபோய் விட்ட பூனையை அந்த இடத்துப் பூனைகள் அண்ட விடாது, நாய்கள் துரத்தும். அங்கே மீன் கிடைக்கும் என்பதெல்லாம் நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம். பிடிபட்டது தாய்ப்பூனையாக இருந்தால், ஏதோ ஒரு மாடிப்படியின் அடியில் குட்டிகள் பசியில் கத்தும். பிறகு சத்தம் நின்றுவிடும். அந்த அமைதிக்குப் பெயர்தான் நிம்மதியா?

பசியால் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அபராதம் டீ, வடைக் காசு என்பதால் பாவமும் அவ்வளவுதான் என்று எண்ண வேண்டாம்.

"குட்டி மேல் குட்டி போடுகிறதே, என்ன செய்வது?" நியாயமான கேள்வி. பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். சுமார் 65 நாளில் ஈனும். குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடி சினையாகலாம். ஆகவே வழி ஒன்றுதான்: கூண்டில் பிடித்து, கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு, அதே தெருவில் விடுவது. கடுவனுக்கும் செய்தால் ராத்திரிச் சண்டையும் மூத்திர நாற்றமும் குறையும். காது நுனியைச் சிறிது வெட்டி அடையாளம் வைத்தால், அதையே மறுபடி பிடிக்க வேண்டாம். பத்து வீடு பங்கு போட்டால் செலவு யாருக்கும் பாரமில்லை.

தினமும் பால் சோறு வைக்கும் புண்ணியவான்களுக்கும் ஒரு வார்த்தை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். தண்ணீரும் கொஞ்சம் மீனும் போதும். கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் போடுவது பாதிக் கருணை. மீதிப் பாதியை அடுத்த ஈற்றுக் குட்டிகள் வண்டிச் சக்கரத்தில் அனுபவிக்கும்.

உங்கள் தெருவில் எத்தனை பூனை? எத்தனைக்குக் கருத்தடை ஆயிற்று? எண்ணிப் பார்த்துக் கீழே எழுதுங்கள். கைதட்டல் அதற்கப்புறம்.